கை பின்னால் போகவில்லையா? இறுகிய தோள்பட்டைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஜூலையில் திருச்சி டவுன் பஸ் ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதும் என் இடது கை தானாக மேல் கம்பியைத் தேடிப் போனது. பாதி தூரம்தான் போயிருக்கும், கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க உட்காருங்கக்கா" என்று எழுந்து இடம் விட்டாள். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வலி இருந்தது. ராத்திரி ஒருக்களித்துப் படுத்ததில் சுளுக்கிக்கொண்டது என்று நானே முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

சரியான டாக்டரைப் பார்த்தது நவம்பரில். நடுவில் போன நான்கு மாதத்தில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை 1,100 ரூபாய், உருவி விட்டவருக்கு மூன்று தடவைக்கு 1,500, தைலமும் தோள் பெல்ட்டும் 1,400, யாரும் எழுதித் தராமல் நானே போய் எடுத்த எம்.ஆர்.ஐ. 6,500. மொத்தம் 10,500 ரூபாய் தண்டம். பணம் போனதோடு, ஊசி நன்றாகக் கேட்கக்கூடிய ஆரம்ப மாதங்களும் போய்விட்டன.

எனக்கு வந்ததை டாக்டர்கள் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்கிறார்கள். தோள் மூட்டைச் சுற்றிப் பை மாதிரி ஒரு உறை இருக்கிறது. அது அழற்சியில் வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. துவைத்த பருத்திச் சட்டை சுருங்கினால் உள்ளே கையை நுழைக்க முடியாது இல்லையா, அதே கதை. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வருகிறது. சுகர் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வருகிறது. அடிபடாமல், விழாமல், வலி மெல்ல மெல்ல ஏறிக் கையும் தூக்க வராமல் போயிருந்தால் இது உங்களுக்கான கட்டுரை. நான் டாக்டர் இல்லை, ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். உங்கள் டாக்டர் சொல்வதும் நான் சொல்வதும் முட்டினால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

தோளில் வலித்தால் கோளாறும் தோளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தம், மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ வலி பரவுதல், இவற்றில் எது சேர்ந்து வந்தாலும் தைலம் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலி சரியாகத் தெரியாமலே போகலாம், அதனால் இன்னும் கவனம் வேண்டும். கையை அசைத்தால் வலி கூடுகிறது, அசைக்காவிட்டால் குறைகிறது என்றால் அது மூட்டு வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நடந்தால், மாடி ஏறினால் தோள் வலிக்கிறது, கையைச் சுழற்றினால் ஒன்றுமே இல்லை என்றால் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வலது தோள் நுனியில் மட்டும், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலித்தால் பித்தப்பையைச் சந்தேகப்பட வேண்டும்.

காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்குதல், காரணமில்லாமல் எடை குறைதல், தோளிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுதல், கை மரத்துப்போய்ப் பிடிமானம் தளர்தல் ஆகியவற்றுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரையும் கையைத் தொட விடாதீர்கள். வலிப்பு வந்த பிறகோ கரண்ட் ஷாக் அடித்த பிறகோ கை வெளிப்பக்கம் திரும்பாமல் போனால், மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் அது அப்படியே இறுகிய தோள் மாதிரிதான் தெரியும்.

2. வீட்டில் செய்யும் இரண்டு நிமிடச் சோதனை

கூட ஒருவர் வேண்டும். எனக்கு என் மகன் செய்தான், அதுவும் நவம்பரில் டாக்டர் செய்து காட்டிய பிறகு. ஜூலையிலேயே தெரிந்திருந்தால் அந்த எம்.ஆர்.ஐ. காசு மிச்சம்.

நேராக நில்லுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு பாகைக்கு மடக்குங்கள். அலமாரிக் கதவைத் திறப்பதுபோல முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. நல்ல கை தாராளமாகப் போகும், இறுகிய கை கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். இப்போது நீங்கள் கையைத் தளர்த்திக்கொள்ள, கூட இருப்பவர் மெதுவாகத் திருப்பிப் பார்க்கட்டும். வலிக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், பலம் கூடாது.

நீங்களே திருப்பினாலும் அவர் திருப்பினாலும் கை ஒரே இடத்தில் முட்டி நின்றால் இறுக்கம். அவர் தூக்கினால் கை மேலே போகிறது, நீங்களாகத் தூக்கத்தான் பலமில்லை, விட்டால் பொத்தென்று விழுகிறது என்றால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்திருக்கலாம். அந்த வழக்கே வேறு, சீக்கிரம் காட்ட வேண்டும். பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் மட்டும் வலித்து, அதைத் தாண்டியதும் வலி விட்டால் தசைநாண் எலும்பில் உரசுகிறது என்று பொருள். முழங்கையைத் தாண்டி விரல் வரை சுருக்கென்று இழுத்து, மரமரப்பும் இருந்தால் கழுத்து நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து நரம்புக்காரர்களுக்குக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும், நமக்குக் கை தலைக்கே போகாது.

இதெல்லாம் நோயை முடிவு செய்வதற்கு இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொல்லாமல், "வெளிப்பக்கம் திரும்பவில்லை, இன்னொருவர் திருப்பினாலும் திரும்பவில்லை" என்று சொல்வதற்காக. அடுத்த தடவை அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு எழுந்து என் பக்கம் வந்தார்.

3. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

இந்த நோய்க்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் வலிதான் ராஜா. ராத்திரி தூக்கம் போகும், கை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். இரண்டிலிருந்து ஒன்பது மாதம் வரை இது நீளலாம். இரண்டாவது கட்டத்தில் வலி இறங்கும், ஆனால் கை அப்படியே நின்றுவிடும். நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை. மூன்றாவதில் மெல்ல விட ஆரம்பிக்கும், அதற்கு ஐந்து மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று வருடம். எனக்குப் பதினேழு மாதம் ஆனது.

முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் இந்தக் கணக்கு தெரியாததால்தான் ஜனங்கள் மூன்று வாரத்துக்கு ஒரு வைத்தியர் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கட்டத்தை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ஒரு கட்டத்தில் நல்லது செய்யும் வைத்தியம் இன்னொன்றில் கெடுதல் செய்யும். வலி உச்சத்தில் இருக்கும்போது கையை இழுத்துப் பயிற்சி செய்தால் அழற்சி இன்னும் கிளறிவிடும். வலி இறங்கிக் கை இறுகி நிற்கும்போது 'வலிதான் இல்லையே' என்று சும்மா இருந்தால் அது அப்படியே கிடக்கும். நான் இரண்டு தப்பையும் வரிசையாகச் செய்தேன். செப்டம்பரில் உருவி விடுகிறவர் என் முதுகில் முழங்காலை வைத்துக் கையை மேலே தூக்கி இழுத்தார். 'டொக்'கென்று சத்தம் கேட்டது. "விட்டுடுச்சும்மா" என்றார். அன்று இரவு உட்கார்ந்தபடியே விடிந்தது.

எளிய அடையாளம் ஒன்று: கையைச் சும்மா வைத்திருக்கும்போதும் வலித்து, இரவில் எழுப்பிவிட்டால் முதல் கட்டம். ஓரத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் வலித்தால் இரண்டாவது.

4. டாக்டரிடம் போகும் முன்: ஒரு தாள், ஒரு உறை

ஒரு முழுத்தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: வலி ஆரம்பித்த மாதம், எந்த வேலை முடியவில்லை (சடை பின்ன, கொடியில் துணி போட, பரணிலிருந்து டப்பா எடுக்க, பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க), இரவில் எத்தனை தடவை விழிக்கிறீர்கள், இதுவரை என்னென்ன மாத்திரை எத்தனை நாள், தினசரி சாப்பிடும் மற்ற மாத்திரைகள், எதற்காவது ஒவ்வாமை உண்டா. சுகர் இருந்தால் கடைசி மூன்று மாத அளவுகள். அரை மணி வேலைதான். டாக்டர் நமக்குத் தருவது ஐந்து நிமிடம், அதில் யோசித்து யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆதார் நகல், பழைய சீட்டுகள், எக்ஸ்ரே படம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எல்லா பில்களும். பில்லில் உங்கள் பெயர் ஆதாரில் இருப்பது மாதிரியே இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். இனிஷியல் முன்பின் மாறினாலும் பின்னால் இன்சூரன்ஸில் கேள்வி வரும். இன்னொன்று, லேப் பில் அச்சிடும் மெல்லிய தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

சட்டையோ ரவிக்கையோ, சுலபமாகக் கழற்றக்கூடியதைப் போட்டுக்கொண்டு போங்கள். முதல் தடவை இது தெரியாமல் இறுக்கமான கையுள்ள சுடிதாரில் போய் நர்ஸ் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

5. எந்த டாக்டர், எங்கே, எத்தனை மணிக்கு?

எலும்பு மூட்டு டாக்டர், அதாவது ஆர்த்தோ. உடல் மறுவாழ்வு மருத்துவரும் பார்ப்பார். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டர் இருந்தால் முதலில் அவரிடமே போகலாம், நெஞ்சு, கழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் காலை ஏழரைக்குள் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள். பதினோரு மணிக்குப் போனால் சீட்டு கிடைத்தாலும் எக்ஸ்ரே எடுத்துத் திரும்புவதற்குள் ஓ.பி. முடிந்துவிடும், மறுநாள் வா என்பார்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்த்தோ துறையில் யூனிட் யூனிட்டாகப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாள். உங்கள் சீட்டில் எந்த யூனிட் என்று எழுதியிருக்கும். அடுத்த தடவையும் அதே கிழமை போனால்தான் அதே டாக்டர். கிழமை மாறிப் போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தனியாரில் எனக்கு டாக்டர் ஃபீஸ் 500. நான்கு தடவை போனேன்.

6. எந்த டெஸ்ட் வேண்டும், எது வேண்டாம்

எக்ஸ்ரே வேண்டும். இறுகிய தோளில் எக்ஸ்ரே சாதாரணமாகத்தான் இருக்கும். "எக்ஸ்ரே நார்மல், ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். மூட்டுத் தேய்மானம், சுண்ணாம்புப் படிவு, எலும்பு முறிவு, நழுவல் எதுவும் இல்லை என்று உறுதி செய்யத்தான் அது. இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்வார்கள். எனக்கு 450 ரூபாய்.

ரத்தத்தில் சுகரும் (மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சேர்த்து) தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 900 கொடுத்தேன். எனக்கு ஹெச்.பி.ஏ.1.சி. 8.1 என்று வந்தது. அதுவரை எனக்குச் சுகர் இருப்பதே தெரியாது. தோள்தான் காட்டிக்கொடுத்தது.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. கிழிசல் என்று சந்தேகம் வந்தால், அறுவைச் சிகிச்சை யோசித்தால், வைத்தியம் எடுத்தும் முன்னேற்றமே இல்லை என்றால் டாக்டர் எழுதித் தருவார். நாமாகப் போய் எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? நாற்பது, ஐம்பது வயதில் யாருடைய தோளை எடுத்தாலும் 'லேசான கிழிசல்', 'லேசான தேய்மானம்' என்று ஏதாவது ஒன்று ரிப்போர்ட்டில் இருக்கும். அதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தேன். டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உறைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டார்.

7. மாத்திரையும் ஊசியும்

வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைப் படுத்தும், பிரஷரை ஏற்றும். சுகர்காரர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. லேபிள் இல்லாத பொடி, பொட்டலத்தில் கட்டித் தரும் மாத்திரை எதையும் வாங்க வேண்டாம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றுதான் நான் கேட்பேன்.

ஊசிக்கு வருவோம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி என்றதும் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுகிறார்கள், நானும் ஓடினேன். 'ஒரு தடவை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போடணும்', 'எலும்பு கரைஞ்சிடும்' என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆபீஸ் வரை எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஆனால் வலி அதிகமாக இருக்கும் முதல் கட்டத்தில் இந்த ஊசி நன்றாகவே உதவுகிறது. அது இறுக்கத்தை முழுதாகக் கரைக்காது. வலியைக் குறைத்துத் தூங்க வைக்கும், பயிற்சி செய்ய இடம் கொடுக்கும். ஊசிக்குப் பிறகு பயிற்சி இல்லையென்றால் பாதிப் பலன்தான்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சுகர் எவ்வளவு இருந்தால் போடுவீர்கள், ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா, எத்தனை நாள் கழித்துப் பயிற்சி தொடங்கலாம்? சுகர் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள், ஒரு வாரம் வரைகூட, அளவு ஏறும். எனக்கு இரண்டாம் நாள் சாப்பிட்ட பிறகு 310 காட்டியது, ஐந்தாம் நாள்தான் இறங்கியது. வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லாமல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். எவ்வளவு ஏறினால் போன் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடலாம். அதற்கு மேலும் கூடிக்கொண்டே போய், காய்ச்சலோ சிவப்போ வந்தால் உடனே திரும்பப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் மூட்டுக்குள் கிருமி போனால் அது அவசரம். மருந்து, கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு 1,800 ரூபாய். ஊசி போட்ட அன்று கூட ஆள் இருப்பது நல்லது, வண்டி ஓட்ட முடியாது.

8. பிசியோ: இங்கேதான் பாதி வேலை

வாரம் மூன்று நாள் வீதம் ஆறு வாரம், பதினெட்டு தடவை போனேன். தடவைக்கு 350, மொத்தம் 6,300. அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு ஆர்த்தோ டாக்டர் எழுதிக் கொடுத்தால் செலவில்லை.

நல்ல பிசியோவை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நாள் அளவெடுக்கிறாரா என்று பாருங்கள். கை எத்தனை பாகை போகிறது, முதுகுப்பக்கம் கட்டைவிரல் எது வரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்ய என்ன என்று கேட்டால் செய்து காட்ட வேண்டும். மெஷினை மாட்டிவிட்டு இருபது நிமிடம் போனில் மூழ்குகிறவரிடம் காசைக் கொட்டாதீர்கள். கரண்ட் வைப்பது சுகமாகத்தான் இருக்கும், இறுகிய உறை அதனால் விடாது.

வீட்டுப் பயிற்சிக்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சுகரால் உணர்ச்சி மரத்துப் போனவர்கள் சூட்டை நல்ல கையில் சோதித்துவிட்டு வைக்க வேண்டும், தோல் வெந்தாலும் தெரியாது.

வலி அதிகமுள்ள கட்டத்தில் இரண்டே இரண்டு. முதலாவது ஊசல்: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்றில் விட்ட வாளி மாதிரி தொங்கவிட்டு, உடம்பை அசைத்து அதைச் சின்ன வட்டமாக ஆட விடுங்கள். கை தானாக ஆட வேண்டும், நீங்கள் ஆட்டக் கூடாது. இரண்டாவது, மேசைமேல் ஒரு துணியைப் போட்டு, அதன்மேல் கையை வைத்து, மேசை துடைப்பதுபோல் முன்னால் தள்ளித் திரும்ப இழுப்பது.

இறுகி நிற்கும் கட்டத்தில் சேர்க்க வேண்டியவை: மல்லாந்து படுத்து, இரண்டு கையிலும் ஒரு குடைக்கம்பைப் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை வெளிப்பக்கம் தள்ளுவது. சுவரில் விரலால் எறும்பு ஏறுவதுபோல ஏற்றுவது. கதவுக்கு மேலே கப்பி மாட்டிக் கயிறு இழுப்பது. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை முதலில் ஆரம்பித்துப் பலபேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் இருபது, முப்பது நொடி நிறுத்தி, ஒன்றை ஐந்து முறை. ஒரே அடியாக ஒரு மணி நேரம் செய்வதைவிட நாளுக்கு மூன்று நான்கு தடவை ஐந்தைந்து நிமிடம் மேல்.

எவ்வளவு வலி தாங்கலாம்? பத்துக்கு மூன்று. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். அன்று ராத்திரி வலி கூடினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். 'வலிக்க வலிக்கச் செஞ்சாத்தான் விடும்' என்று சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எங்கள் சமையலறைச் சுவரில் கதவுக்குப் பின்னால் பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை விரல் எது வரை ஏறியதோ அங்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முதல் கோடு 2023 டிசம்பர் 3, ஸ்விட்ச் பலகைக்குக் கொஞ்சம் மேலே. தினமும் பார்த்தால் ஒன்றும் நகர்ந்ததாகத் தெரியாது. ஜனவரியில் மூன்று வாரம் கோடு ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்தது. பிப்ரவரியில் இரண்டு விரல்கடை ஏறியது. நீங்களும் ஏதாவது ஒரு சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

9. தூக்கமும் அன்றாட வேலையும்

வலிக்கும் பக்கம் படுக்காதீர்கள். மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை. ஒருக்களித்தால் நல்ல பக்கம் படுத்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் வலிக்கும் கையை வையுங்கள். உடுத்தும்போது வலிக்கும் கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிடுவதும், தோள் பெல்ட்டும் வேண்டாம், அசையாமல் வைத்தால் இன்னும் இறுகும். கொடிக்கயிற்றை நெஞ்சளவு இறக்கிக் கட்டிவிட்டேன், வீட்டில் எல்லோரும் போக வர இடித்துக்கொண்டு திட்டினார்கள்.

10. இன்சூரன்ஸ், இ.எஸ்.ஐ., காப்பீட்டு அட்டை

எனக்குக் குடும்ப மருத்துவப் பாலிசி இருந்தது. ஊசி, எக்ஸ்ரே, பிசியோ எல்லா பில்லையும் சேர்த்து நம்பிக்கையோடு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை, வெளிநோயாளிச் செலவு உங்கள் பாலிசியில் இல்லை என்று திரும்பி வந்தது. கோபப்பட்டுப் பயனில்லை, பாலிசியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. உங்கள் பாலிசியில் 'ஓ.பி.டி.' என்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த நோயில் வரும் செலவில் பெரும்பகுதி கைக்காசுதான்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதற்குள் வருவார்கள். வெளிநோயாளி வைத்தியமும் மருந்தும் அதில் உண்டு. எங்கள் கடையில் பில் போடும் பெண் இ.எஸ்.ஐ. அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு (டிஸ்பென்சரி) போய், அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதி வாங்கி, தன் தோளைக் காசில்லாமல் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சந்தா கட்டிய நாட்கள் சரியாக இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ்தான் வேண்டும், வெளி டாக்டரிடம் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கும் வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். அட்மிட் ஆகிச் செய்யும் சிகிச்சைக்குத்தான் முக்கியமாக உதவும். அறுவைச் சிகிச்சை என்று பேச்சு வந்தால், தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் அந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அட்மிட் ஆன பிறகு அலைந்தால் அவஸ்தை.

11. ஆபரேஷன் என்று சொன்னால்

ஒரு தனியார் மருத்துவமனையில் முதல் சந்திப்பிலேயே "கீஹோல் பண்ணிடலாம், 85,000 ஆகும்" என்றார்கள். ஊசியும் போடவில்லை, பிசியோவும் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து இறுக்கத்தை விடுவிப்பது ஒரு முறை, நுண்துளை வழியாக மூட்டு உறையை வெட்டி விடுவது இன்னொன்று, கீஹோல் என்பது இதுதான். இரண்டுமே உண்மையான வைத்தியம்தான். ஆனால் 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 503 பேரை மூன்று பிரிவாக்கி, இந்த இரண்டு முறைகளையும் ஊசியோடு சேர்ந்த பிசியோவையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை எனக்குச் சொன்னது பிசியோ இல்லை, ஆபரேஷன் செய்யும் டாக்டரே. ஆறு மாதமாவது ஒழுங்காக ஊசியும் பயிற்சியும் பார்த்து, கை கொஞ்சமும் நகராமல், வேலையும் கெட்டுப் போகிறது என்றால் யோசிக்கலாம். அப்போதும் இன்னொரு டாக்டரிடம் ஒரு கருத்துக் கேளுங்கள். செய்துகொண்டால் மறுநாளே பயிற்சி தொடங்க வேண்டியிருக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலிக்குப் பயந்து கையை மடக்கி வைத்திருந்தால் திரும்ப இறுகிவிடும்.

12. அடுத்த தோள்

சிலருக்குச் சில வருடம் கழித்து மறு தோளுக்கும் வரும், சுகர் இருந்தால் வாய்ப்பு கூடுதல். சரியான வழிக்கு எனக்கு ஆன செலவு டாக்டர் 2,000, எக்ஸ்ரே 450, ரத்தம் 900, ஊசி 1,800, பிசியோ 6,300, வெந்நீர்ப் பையும் கப்பியும் 450, ஆக 11,900 ரூபாய். இதற்குமேல் தெண்டம் அழாமல் பார்த்துக்கொள்ள, பில்கள் போட்ட அந்தப் பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறியாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். போன மாதம் வலது கையால் தோசைக்கல்லைப் பரணில் வைக்கும்போது ஓரத்தில் சுருக்கென்றது. அன்று மாலையே மகனைக் கூப்பிட்டு முழங்கையை விலாவில் ஒட்டி நின்றேன். வெளிப்பக்கம் முழுசாகத் திரும்பியது. இருந்தாலும் மறுநாள் வெறும் வயிற்றில் சுகர் பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் வலது கைக்கும் ஒரு கோடு போட்டு வைத்தேன்.